இரண்டாவது துடுப்பு

அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் மருமகன் போன கிழமை ஒரு படம் அனுப்பினார். வீட்டுச் சுவர் நிறையத் துடுப்புகள். அங்கே ஒரு கழகத்தில் சேர்ந்து, பக்கத்தில் மிதவை மரம் கட்டிய ஒடுங்கிய வள்ளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்புப் போடுகிறாராம். மீன் பிடிக்க அல்ல, சும்மா. புதிதாக வாங்கியது கறுப்பு நிறம், அதில் மரமே இல்லை, ஒரு விரலால் தூக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை நம் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீங்கள் எல்லோரும் கட்டைவிரல் காட்டினீர்கள். ஒருத்தி மட்டும், "உன்ரை அப்பாவின்ரை சுவர் மாதிரிக் கிடக்கு" என்று எழுதிவிட்டு உடனே அழித்துவிட்டாள். அழிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

அழித்திருக்கத் தேவையில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. அந்தக் கதையை நீங்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கலியாண வீடுகளில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் இருந்தவள் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பா கட்டுக்கரைக் குளத்தடியில் பிறந்தவர். வயல்காரக் குடும்பம். நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்து, மாற்றலாகி இந்தத் தீவுக்கு வந்து, இங்கேயே கலியாணம் செய்தார். அம்மா கடல்தொழில் வீட்டுப் பிள்ளை. அம்மாவின் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அதனால்தான் மகளைக் கந்தோர்காரருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்களாம். கதிரையில் இருந்து எழுதுகிறவர் பின்னேரமானால் வீட்டுக்கு வந்துவிடுவார், பெண் கரையில் நின்று கடலைப் பார்க்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தவர்கள் குடி உண்டா, சூது உண்டா என்றெல்லாம் விசாரித்தார்கள். துடுப்பைப் பற்றி விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். தெற்கிலிருந்து பருவத்துக்கு வந்து, வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கிறவர்கள், ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒற்றை மரத்தில் குடைந்தது. இரண்டு தொடையும் இடுங்கி உட்காரும் அளவுதான் அகலம். ஒரு பக்கமாக இரண்டு வளைந்த தடிகளை நீட்டி, முனையில் மிதவை மரம் கட்டியிருக்கும். அந்த மரம் இருப்பதால் கவிழாது. அவர்கள் அதை ஒருவா என்பார்கள், நம் ஊரிலும் அப்படியே சொன்னார்கள். அப்பா அதைக் கேட்டு வாங்கி, பாயையும் பாய்மரத்தையும் கழற்றிப் போட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார். வலை இல்லை, தூண்டில் இல்லை. கொஞ்சத் தூரம் போவது, திரும்பி வருவது, அவ்வளவுதான். வெறும் கையோடு சந்தோசமாகக் கரையேறும் மனிதரை நம் ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

"ஐயா, கடல் அங்கைதானே கிடக்கு? பாத்திட்டு வந்தியளோ?" என்று கேட்பார்கள்.

"ஓம், அங்கைதான் கிடக்கு" என்பார் அப்பா.

உண்மையில் கடலும் வள்ளமும் ஒரு சாட்டு. அவருடைய ஆசை முழுக்கத் துடுப்பின் மேல்தான். பூவரசில் ஒன்று, வேம்பில் ஒன்று, முதிரையில் ஒன்று என்று செய்துகொண்டே இருந்தார். ஒன்று முடியும்போதே அடுத்ததற்கு மரம் பார்த்துவிடுவார். கந்தோரால் வந்து தேநீர் குடித்த கையோடு விறாந்தையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, காய்ந்த திருக்கைத் தோலால் தேய் தேய் என்று தேய்ப்பார். மரத்தூள் காலில் அப்பியிருக்கும். பிறகு இலுப்பெண்ணெய் பூசுவார். அந்த எண்ணெய் நாற்றத்தோடுதான் நாங்கள் இராச்சாப்பாடு சாப்பிட்டோம். காய்ந்தவற்றை முன்னறைச் சுவரில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

"சுவாமிப் படத்துக்குப் பக்கத்திலை என்ரை சக்களத்தியளைக் கொண்டந்து நிப்பாட்டியிருக்கிறார்" என்று அம்மா வருகிறவர்களுக்குச் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒன்றைக் கையில் தருவார் அப்பா. "பிள்ளை, எது எண்டு சொல்லு." பூவரசு என்றால் கனமே இருக்காது, முதிரை தோளை இழுக்கும். நான் பெரும்பாலும் சரியாகச் சொல்வேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கனத்தை நினைத்துப் பார்க்கிறேன், கைக்கு ஒன்றும் வருவதில்லை.

நம் ஊரில் அதற்குப் பெயர் சவள் என்பது உங்களுக்குத் தெரியும். துடுப்பு என்றால் அடுப்படியில் கூழ் கிண்டுவது. அப்பா குளத்தடி ஆள், அவர் துடுப்பு என்றே சொல்வார். "ஐயா கூழ் கிண்டப் போறார்" என்று அதற்கும் பகிடி. ஆனால் பெயரைவிட வேறொரு விசயத்தில்தான் அவர் ஊரோடு ஒட்டவில்லை. ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு சவள். அது முறிந்தால்தான் அடுத்தது. அதைக் கையிலிருந்து நழுவவிடுகிறவன் தொழில்காரனே இல்லை. ஆகவே ஒரு சவள் தனியாகக் கரை ஒதுங்கினால் அதற்கு ஒரு அர்த்தம்தான். கண்டெடுத்தவர்கள் அதைத் தோளில் வைக்க மாட்டார்கள், நிமிர்த்திப் பிடிக்கவும் மாட்டார்கள். இரண்டு கைகளிலும் கிடையாக ஏந்திக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்து வருவார்கள். வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் அப்பாவுடையதையும் அப்படித்தான் ஏந்தி வந்தார்களாம்.

அப்பா ஒன்றோடு போகவே மாட்டார். போகும்போது பூவரசு, காற்று எழும்பினால் திரும்பி வர முதிரை. எப்போதும் வள்ளத்தில் இரண்டு இருக்கும். ஊர்க்காரர் ஒருவருக்கும், ஏன் அம்மாவுக்கும் எனக்கும்கூட, அப்போது இது தெரியாது. அவர் வள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு என்ன தேவை?

சோளகக் காற்று தொடங்கிய நாட்களில் ஒரு ஞாயிறு. பக்கத்துக் கரையில் கரைவலை இழுத்தவர்கள் பூவரசுத் துடுப்பைக் கண்டெடுத்தார்கள். அந்த மாதிரித் துடுப்பு வேறு யாரிடம் இருக்கிறது? இரண்டு பேர் அதைக் கிடையாக ஏந்திக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் வந்தார்கள். அம்மா படலையடியில் நின்று பார்த்தார். கத்தவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்தார், மண்ணில்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. பெண்கள் வந்து அம்மாவின் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். கோயிலில் துக்க மணி அடித்தது. ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிலை விட்டுவிட்டுத் தன் வள்ளத்தோடு தேடப் போனார். அவரோடு ஊரில் இருந்த வள்ளம் முழுக்கப் போனது. நான் நெஞ்சு வலிக்கும்வரை அழுதேன். அழுது அழுது வாந்தி எடுத்தேன். யாரோ என் வாயைத் துடைத்து, பழைய சேலை ஒன்றை விரித்துப் படலைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள்.

வெயில் சாய்கிற நேரம் அப்பா ஒழுங்கையால் நடந்து வந்தார். தோளில் முதிரைத் துடுப்பு. பூவரசு எப்போது நழுவியது என்றே தெரியாதாம், மற்றதைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகக் கரை ஏறியிருக்கிறார். வெள்ளைக்கொடியைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு என்னிடம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"ஆர் செத்தது, பிள்ளை?"

"நீங்கள்தான், அப்பா" என்றேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கலியாண வீடுகளில் சிரிப்பீர்கள். சிரிக்கக்கூடிய இடம்தான். அன்று அப்பாவும் சிரித்தார். தேடப்போனவர்கள் இருட்டிய பிறகு களைத்துத் திரும்பி, செத்தவர் கதிரையில் இருந்து தேநீர் குடிப்பதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் கந்தோருக்குச் சைக்கிளில் போகும்போது, "உயிர்த்தெழுந்தவர் போறார்" என்று பகிடி பண்ணினார்கள். மணி அடித்த கோயில் மூப்பர்தான் பாவம். உயிரோடு இருந்த மனிதருக்குத் துக்க மணி அடித்தது அபசகுனம் என்று, பல நாள் எங்கள் வீட்டுப் பக்கமே தலை காட்டவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனவர், சில நாள் அப்பாவோடு பேசவே இல்லை. சனிக்கிழமை அப்பா துடுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து முன்னால் நின்றார்.

"இனி ஒண்டோட போங்கோ."

"ரெண்டு இருந்தபடியால்தானே நான் வந்து சேந்தனான். விளங்காமக் கதைக்கிறீர்."

"எனக்கு விளங்குது. நீங்கள் ரெண்டு கொண்டு போனா, ஒண்டு வந்து சேந்தா நான் என்ன செய்யிறது? அழுறதோ, சமைக்கிறதோ?"

அப்பா திருக்கைத் தோலைக் கீழே வைத்தார்.

"எங்கட ஆக்கள் ஒண்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் போய் வருகினம். நீங்களும் பிடியுங்கோ. இல்லாட்டிப் போகாதேங்கோ."

"சரி, இனி ஒண்டுதான்" என்றார் அப்பா.

இன்று யோசித்தால் இரண்டு பேரும் சொன்னது நியாயம். அப்பா கடலைக் கணக்குப் பார்த்துச் சொன்னார். அம்மா ஏற்கெனவே ஒருமுறை விதவையாக இருந்து பார்த்துவிட்டார், அது அரை நாள்தான் என்றாலும். இன்னொருமுறை பொய்யாக அழ அவரால் முடியாது. அது பிடிவாதம் என்று அந்த வயதில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அப்பா அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். மற்றவர்கள் நம்பவில்லை, நீங்களும் நம்பவில்லை, ஆனால் நான் பார்த்தேன். ஞாயிறு வந்தால் பூசை உடுப்போடு சுவருக்கு முன்னால் நிற்பார். எதைக் கொண்டு போவது என்று முடிவெடுக்க முடியாது. ஒன்றை எடுப்பார், திருப்பி மாட்டுவார், மற்றதைத் தடவிப் பார்ப்பார். "ஒண்டை எடுத்தா மற்றதுகளுக்குக் கோவம் வருமோ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார். அவர்களுக்குள் பகிடி திரும்பி வந்துவிட்டது. அந்த ஞாயிறுகள் நல்ல ஞாயிறுகள்.

பிறகு அந்த ஞாயிறு. அன்று அவர் எடுத்தது வேம்பு.

மத்தியானம் பக்கத்து ஊரான ஓலைத்தொடுவாய் மீன்காரர் சைக்கிளில் வந்து மணி அடித்தார். மீன்பெட்டிக்கு மேலே குறுக்காக வேப்பந் துடுப்பு கட்டியிருந்தது. கரைவலைக்காரர் கண்டெடுத்து, வருகிற வழிதானே என்று அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். ஏந்திக்கொண்டு யாரும் வரவில்லை. கயிற்றை அவிழ்த்து, துடுப்பை வேலியில் சாத்திவிட்டு, "ஐயா திரும்பவும் கூழ்க் கரண்டியைத் துலைச்சுப்போட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். விளைமீன் இருக்கிறது வேணுமோ என்று கேட்டார்.

அம்மா துடுப்பைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். மற்ற எல்லாம் அதனதன் ஆணியில் இருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினார். மாமா மரத்தின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, அத்தானைத் தேடிப் போ."

"ஏனக்கா?"

"சவள் வந்திட்டுது."

மாமா ஊசியை வைக்காமலே சிரித்தார். "அண்டைக்கும் வந்ததுதானே. அவரிட்டை மற்றது இருக்கும்."

"இல்லை. ஒண்டுதான் கொண்டு போனவர். எனக்கு வாக்குத் தந்தவர்."

"அக்கா, அந்த மனிசன் ஒண்டோட போற ஆளே? உனக்கு ஒரு கதை சொல்லிப்போட்டு மற்றதைக் கரையிலை ஒளிச்சு வைச்சிருப்பார். எனக்கு அத்தானைத் தெரியும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அத்தானில் உயிராக இருந்தவர். முதல் தடவை ஊரில் எல்லோருக்கும் முன்னால் கடலில் இறங்கியவர் அவர்தான். அதுவும் போக, சோளகம் ஒருமுறை அப்பாவை இழுத்துக்கொண்டுபோய் எதிர்க்கரையில் விடத்தல்தீவில் விட்டதும், அவர் வள்ளத்தை அங்கே கட்டிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும் உண்மை. மாமா அதையும் நினைவுபடுத்தினார். பக்கத்தில் இருந்த தொழில்காரரும் ஓம் ஓம் என்றார்கள்.

அம்மா கோயிலுக்குப் போனார். மணி அடித்தால் ஆட்கள் கூடுவார்கள் என்று நினைத்தார். மூப்பர் கயிற்றைத் தொட மறுத்துவிட்டார். "பிள்ளை, உசிரோட இருக்கிற மனிசனுக்கு நான் ஒருக்கா அடிச்சிட்டன். திரும்பவும் அடிக்கச் சொல்லாதேங்கோ. பாவம் வரும்."

அதற்குமேல் அம்மா யாரையும் கேட்கவில்லை. கோயிலுக்குள் முழங்காலில் நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். அம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. என்னை அவர் ஏமாத்தியிருக்க வேணும் சுவாமி, பொய் சொல்லியிருக்க வேணும், ஒளிச்சு வைச்சிருக்க வேணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அப்பாவிடம் எதிர்பார்த்த ஒரே பொய் அதுதான்.

அன்று பின்னேரம் கடைசி பஸ்ஸில் அப்பா வரவில்லை. திங்கள் காலை பஸ்ஸிலும் வரவில்லை. திங்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் மாமா எழும்பி வள்ளத்தைத் தள்ளினார். அவர் தள்ளியதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள். காற்று அப்போது கடலை வெள்ளையாக்கி வைத்திருந்தது. துடுப்பு நீரோட்டத்தோடு கரைக்கு வரும், வள்ளம் காற்றோடு வெளியே போகும். இதைப் பிறகுதான் எல்லோரும் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார்கள்.

ஒழுங்கையில் திரும்பவும் வெள்ளைக்கொடி கட்டட்டுமா என்று அயலவர் கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றார். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. நான் அழப் பார்த்தேன். முயற்சி செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தைச் சுருக்கி, வாயைத் திறந்து, வருமா என்று காத்திருந்தேன். அப்பாவுக்காக என்னிடம் இருந்ததை முதல் தடவையே அழுது முடித்துவிட்டேன் போலிருந்தது. அன்றைக்கு மரத்துப்போனது பிறகு விடவில்லை. என் கலியாணத்திலும் நான் அழவில்லை, அம்மாவை அடக்கம் செய்தபோதும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உங்களில் சிலர் பேசினீர்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சுவரில் இருந்த துடுப்புகளை என்ன செய்தீர்கள் என்று மருமகன் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை. ஆணியிலேயே இருந்தன. அம்மா ஞாயிறுதோறும் தூசி தட்டுவார், எண்ணெய் பூசமாட்டார். சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடிய நாளில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவுகளும் இல்லை. துடுப்புகள் யாருடைய அடுப்புக்கோ விறகாகப் போயிருக்கும். நல்ல எண்ணெய் ஏறிய மரம், நன்றாக எரிந்திருக்கும். அதைப் பற்றியும் எனக்கு வருத்தமில்லை.

மறக்க முடியாதது வேறு. பத்து நாள் போனபின் இரணைதீவுப் பக்கத்துத் தொழில்காரர் அப்பாவின் ஒருவாவைக் கண்டு சொல்லியனுப்பினார்கள். மாமா போய் இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் கரையில் நின்றோம். வள்ளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. மிதவை மரம் கட்டிய கயிறு ஒன்றுகூடத் தளரவில்லை. கவிழாத வள்ளம் கவிழாமலே வந்து சேர்ந்தது, உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். உட்காரும் பலகையைக் காணவில்லை என்று பார்த்தால், அது கழற்றப்பட்டு அடியில் கிடந்தது. மாமா குனிந்து அதை எடுத்தார்.

பலகையின் ஒரு பாதி அப்படியே பலகையாக இருந்தது. மறுபாதி பிடியாகியிருந்தது. அப்பா காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி வைத்திருப்பார். அந்தச் சின்னக் கத்தியால் இரண்டு பக்கமும் சீவிச் சீவி, உருட்டி, கைக்கு அடக்கமாகக் கொண்டுவந்திருந்தார். நுனியில் உள்ளங்கை அழுத்துவதற்குக் குறுக்குப் பிடிகூட வெட்டியிருந்தார். தண்ணீர் தள்ளும் அலகுப் பக்கத்தில் கத்தி பட்ட அடையாளம் கொஞ்சம்தான் இருந்தது.

அம்மா அதை வாங்கினார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு துடுப்பையும் கையில் சரியாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. அன்று பிடித்துப் பார்த்தார். ஒரு கை மேலே, ஒரு கை நடுவில்.

"பிடி நல்லா வந்திருக்கு" என்றார்.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பேனாக்கத்தியாலை இவ்வளவும் சீவ எவ்வளவு நேரம் எடுக்கும்?"

மாமா சவள் சீவத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு முழுப் பகல் வேணும், அக்கா. அதுக்குக் கூடவும் போகும்."

அம்மா தலையை ஆட்டினார். கோபமாகச் சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் பார்ப்பவரைப் போலத்தான் சொன்னார்.

"அப்ப, திங்கட்கிழமை வரைக்கும் எங்களைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்."